நோயோடு வாழ்பவர்களின் கதைகளைக் கூட்டாகச் சொல்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் அம்மா சிறுநீரகம் செயலிழந்து எட்டு வருடம் டயாலிசிஸில் (மெஷின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிகிச்சை) இருந்தார். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். இரண்டாம் வருடத்தில் நிதி திரட்டும் ஓர் அமைப்பினர் வார்டுக்கு வந்து கேமராவை வைத்து, "எவ்வளவு கஷ்டப்படுறீங்கன்னு சொல்லுங்கம்மா" என்றார்கள். அம்மா சொன்னார், அழுதார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அது என்ன தாள் என்று யாரும் விளக்கவில்லை. மூன்று மாதம் கழித்து எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரில் அம்மாவின் அழுத முகம். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. "இது பரம்பரையா வர்ற நோயா?" என்று கேட்டு ஒரு சம்பந்தம் அதோடு நின்றுபோனது.

அதே அம்மா நான்கு வருடம் கழித்து இன்னொரு இடத்தில் இன்னொரு கதை சொன்னார். ஏழு நோயாளிகள், வார்டு சிஸ்டர் ஒருவர், காட்சித் தொடர்பியல் சொல்லித்தரும் கல்லூரி ஆசிரியர் ஒருவர், எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தன்னுடைய அரை லிட்டர் எவர்சில்வர் சொம்பைப் பற்றிப் பேசினார். டயாலிசிஸில் இருப்பவர் எதையும் அளந்துதான் குடிக்க வேண்டும். காலையில் அதில் நிரப்புவதுதான் அன்றைக்கு முழுக்க அவருக்கான தண்ணீர், காபி, ரசம் எல்லாம். எவ்வளவு குடித்தோம் என்பது அந்தச் சொம்புக்குத் தெரியும், பேரனுக்கும் தெரியும், அவன்தான் காவல். மொத்தம் இரண்டரை நிமிடம். புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களுக்கு அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள், பலர் வீட்டில் ஒரு சொம்பை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

இரண்டும் ஒரே பெண்ணின் கதைதான். முதல் தடவை எதைச் சொல்வது, யாருக்குக் காட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் மற்றவர்கள் முடிவு செய்தார்கள். இரண்டாம் தடவை அம்மா முடிவு செய்தார். இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டாம் தடவையை எப்படி நடத்துவது என்பதைப் பற்றித்தான். மருத்துவமனை, நோயாளிகள் குழு, கதை சொல்லத் தெரிந்தவர்கள் என மூன்று தரப்பும் கைகோத்து வேலை செய்ய நினைக்கிறவர்கள் யாராக இருந்தாலும் இதை எடுத்துப் பயன்படுத்துங்கள்.

1. யார் கேட்கப் போகிறார்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"விழிப்புணர்வு" என்று சொல்லித் தொடங்காதீர்கள். அது யாரையும் குறிக்காத சொல். கேட்கப் போகிறவர் யார்? நேற்றுத்தான் நோய் கண்டுபிடிக்கப்பட்டு நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவரா, நர்சிங் மாணவியா, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கட்டித்தர வேண்டிய பஞ்சாயத்துத் தலைவரா? மூவருக்கும் ஒரே கதை பொருந்தாது. முதல் சுற்றுக்கு ஒரே ஒரு கேட்பவரைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால், புதிதாக நோய் வந்தவரைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். சொல்கிறவருக்கும் அது இயல்பாக வரும், பக்கத்துக் கட்டில்காரரிடம் பேசுவதுபோல.

இதில் பலன் உண்டா என்று மருத்துவர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அவர்களிடம் சொல்ல ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரில், ரத்த அழுத்தம் உள்ள கறுப்பினத்தவர் 299 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு, தங்களைப் போன்ற நோயாளிகளே தங்கள் அனுபவத்தைச் சொல்லும் டிவிடிகளைக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு ரத்த அழுத்தத்தோடு தொடர்பில்லாத பொதுவான உடல்நலத் தகவல் டிவிடி. தொடக்கத்தில் அழுத்தம் கட்டுக்குள் இல்லாமல் இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், மூன்று மாதத்தில் கதை பார்த்தவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு (120/80 என்பதில் முதல் எண்) மற்றவர்களைவிடச் சராசரியாக 11 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. கதை சொன்னவர்கள் நடிகர்கள் அல்ல, கேட்பவர்களின் ஊர்ப் பேச்சிலேயே பேசும் நோயாளிகள். நீங்களும் அதே வழியில் போங்கள். திருநெல்வேலி வார்டில் திருநெல்வேலிப் பேச்சுதான் ஒலிக்க வேண்டும்.

2. கூட்டாளிகளைத் தேடுவது

மூன்று தரப்பு வேண்டும் என்றேன். அதில் முதல் தரப்பு நோயோடும் குறைபாட்டோடும் வாழ்கிறவர்கள். அவர்களை "பயனாளிகள்" பட்டியலில் வைக்காமல், திட்டத்தை நடத்துகிறவர்களாக வையுங்கள். முடிவெடுக்கும் குழுவில் பாதிப் பேராவது அவர்களாக இருக்க வேண்டும். "எங்களைப் பற்றிய எதையும் எங்களை விட்டுவிட்டுச் செய்யாதீர்கள்" என்று உலகம் முழுக்க மாற்றுத்திறனாளி இயக்கங்கள் சொல்லிவருவது இதைத்தான். நம் பக்கத்தில் இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், இளம் வயதில் கடற்படைத் தேர்வின்போது முதுகுத் தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ அமைப்பை நடத்தும் பிரீத்தி சீனிவாசனும் தண்டுவடக் காயத்தோடு வாழ்கிறவர். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார், பெயர்ப் பலகை இல்லாமல், நாலு பேரை வாட்ஸ்அப்பில் சேர்த்து மருந்து எங்கே கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு. அவரிடம் முதலில் போங்கள். மருத்துவமனைக்கு அப்புறம் போகலாம்.

இந்த வரிசை முக்கியம். மருத்துவமனையிலிருந்து தொடங்கினால் அவர்கள் "நல்ல பேஷன்ட்" பட்டியல் ஒன்றைக் கொடுப்பார்கள். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறவர், புகார் சொல்லாதவர், கும்பிடு போடுகிறவர். அவர்கள் கதையும் வேண்டியதுதான். ஆனால் பாதியில் டயாலிசிஸை விட்டுவிட்டு ஓடிப்போய்த் திரும்பி வந்தவரின் கதைதான் புதிதாக வருகிறவருக்கு அதிகம் உதவும், அவர் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்.

இன்னொன்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருப்பவர்களை மட்டும் சேர்க்காதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலசீமியா, ஹீமோபிலியா போன்ற ரத்த நோய்களும் பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நரம்பு நோய்களும் அதில் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. எனவே வாரம் மூன்று நாள் மெஷினில் படுத்திருப்பவருக்கு அந்த ஒரு காரணத்துக்காக அட்டை கிடைக்காது. அட்டை உள்ளவர், இல்லாதவர் என்று குழுவுக்குள்ளேயே மெல்லிய கோடு விழும், அதைக் கதைத் திட்டமும் சேர்ந்து ஆழமாக்கக் கூடாது.

இரண்டாம் தரப்பு, சிகிச்சை தருகிற இடம். இங்கே பெரிய மருத்துவரைவிட வார்டு சிஸ்டர், டெக்னீஷியன், பிசியோதெரபிஸ்ட் ஆகியோரின் ஆதரவுதான் உங்களுக்கு அதிகம் பயன்படும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு யார் வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பது அத்துப்படி. வெளியே வர முடியாதவர்களை எட்ட அவர்கள்தான் வழி. அவர்களையும் கூட்டாளிகளாகச் சேருங்கள். வெறும் தூதர்களாக மட்டும் பயன்படுத்தினால் ஒரு மாதத்தில் களைத்துப்போவார்கள், ஏற்கெனவே அவர்களுக்கு வேலை அதிகம்.

மூன்றாவது, கதைக்கு வடிவம் கொடுக்கத் தெரிந்தவர்கள். ஒலிப்பதிவு தெரிந்த கல்லூரித் துறை, நூலகர், சமுதாய வானொலி. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்எம் வந்த பிறகு தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் சமுதாய வானொலிகள் வந்துவிட்டன, அவர்களுக்கு நிகழ்ச்சி எப்போதும் தேவைப்படும். வில்லுப்பாட்டு, தெருக்கூத்துக் கலைஞர்களும் அருமையான கூட்டாளிகள்தான். ஆனால் மேடைக்கு ஏற்றபடி ரசம் கூட்டுவது அவர்கள் தொழிலிலேயே இருப்பதால், நிஜ மனிதரின் கதையை அப்படியே அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள். பல கதைகளிலிருந்து எடுத்துக் கற்பனைப் பாத்திரமாக்கி ஆடச் சொல்லுங்கள்.

3. ஒரே தாளில் ஒப்பந்தம்

எல்லாரும் நண்பர்களாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். வக்கீல் தமிழ் வேண்டாம், ஒரு பக்கம் போதும். கதை யாருக்குச் சொந்தம்? சொன்னவருக்கு. அசல் பதிவு யாரிடம் இருக்கும்? எடுத்துவிடச் சொன்னால் எத்தனை நாளில் எடுப்பீர்கள்? மருத்துவமனை தன் விளம்பரத்துக்கு இதைப் பயன்படுத்தலாமா? மருந்துக் கம்பெனி பணம் தந்தால் வாங்குவீர்களா? கூட்டு உடைந்தால் பதிவுகள் யாரிடம் போகும்?

கடைசிக் கேள்வியை எல்லாரும் தவிர்ப்பார்கள். கல்யாண வீட்டில் விவாகரத்தைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். பேசித்தான் ஆக வேண்டும். நான் பார்த்த ஒரு கூட்டில், பொறுப்பாக இருந்தவர் வேலை மாறியதும் பதினோரு பேரின் குரல் ஒரு லேப்டாப்போடு காணாமல் போனது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எழுதி வைக்காததுதான் காரணம்.

4. பணம், இடம், நேரம்

கதை சொல்ல வருகிறவருக்குப் பணம் கொடுங்கள். பலர் இதற்குத் தயங்குகிறார்கள், "காசு கொடுத்தால் கதையின் உண்மை போய்விடும்" என்கிறார்கள். கேமராக்காரருக்குக் காசு, மண்டபத்துக்குக் காசு, டீக்காரருக்குக் காசு, கதையைக் கொண்டுவந்தவருக்கு மட்டும் சால்வையா? அவருடைய ஒரு நாள் கூலி, ஆட்டோ, கூட வருகிறவரின் கூலி, சாப்பாடு எல்லாம் கணக்கில் வர வேண்டும். பேருந்தில் ஏற முடியாதவருக்குப் பேருந்துக் கட்டணம் கொடுத்துப் பயனில்லை.

இடம் பார்க்கப் போகும்போது சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரைக் கூட்டிப் போங்கள். "சாய்தளம் இருக்கு சார்" என்பார்கள், போய்ப் பார்த்தால் மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்காகப் போட்ட பலகையாக இருக்கும். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதுதான் கணக்கு. அடுத்து கழிப்பறைக் கதவின் அகலம். இவை இரண்டும் சரியில்லையென்றால் மற்ற எதையும் பார்க்காமல் வேறு இடம் தேடுங்கள். மாவட்ட நூலகங்களைக் கேட்டுப் பாருங்கள், 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் மாதிரியான புதிய கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

நேரத்தை நோய்தான் முடிவு செய்யும். டயாலிசிஸ் முடிந்த அன்று மாலை யாரையும் கூப்பிடாதீர்கள், உடம்பு பிழிந்த துணிபோல இருக்கும். முடக்குவாதம் உள்ள பலருக்குக் காலையில் மூட்டு பிடித்துக்கொண்டிருக்கும், பதினொரு மணிக்கு மேல் வைத்தால் வருவார்கள். பார்க்கின்சன் உள்ளவரிடம் மாத்திரை எப்போது நன்றாக வேலை செய்யும் என்று கேட்டு அந்த நேரத்தில் பதிவு செய்யுங்கள். படுத்துக்கொள்ள ஒரு பாயும் தலையணையும் அறையின் ஓரத்தில் இருக்கட்டும், யாரிடமும் அனுமதி கேட்காமல் போய்ப் படுக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சைகை மொழி பெயர்ப்பாளர் தேவைப்பட்டால் இரண்டு பேராக ஏற்பாடு செய்யுங்கள், ஒருவரே மூன்று மணி நேரம் கையை ஆட்டிக்கொண்டிருக்க முடியாது. டீ, பிஸ்கட் விஷயத்திலும் கவனம் வேண்டும். தண்ணீர்க் கட்டுப்பாட்டில் இருப்பவருக்குப் பெரிய டம்ளரில் ஜூஸை நீட்டி உபசரிப்பது அவரைத் தர்மசங்கடத்தில் தள்ளும்.

5. சம்மதம்

இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பிரிட்டனில் பிப் ஹார்டி, டோனி சம்னர் இருவரும் 2003-ல் பேஷன்ட் வாய்சஸ் என்ற திட்டத்தைத் தொடங்கி, நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் மருத்துவப் பணியாளர்களும் சொன்ன நூற்றுக்கணக்கான சிறு கதைகளைச் சேர்த்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம், சம்மதத்தை இரண்டு கட்டமாக வாங்குவது. வருவதற்கு முன் ஒன்று: கலந்துகொள்ளச் சம்மதம். கதை முழுதாக முடிந்து, சொன்னவர் பார்த்த பிறகு இன்னொன்று: வெளியிடச் சம்மதம். முதல் கையெழுத்து இரண்டாவதற்குச் செல்லாது. நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள். அந்த வாரத்தில் மனம் மாறுகிறவர்கள் உண்டு, மாறினால் "இவ்வளவு வேலை செஞ்சோமே" என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லக் கூடாது.

படிவத்தில் "ஆம்/இல்லை" என்று ஒரே கட்டம் வைத்துவிடாதீர்கள். குரல் சரியா? முகம் சரியா? பெயர்? ஊர்? வார்டுக்குள் மட்டுமா, வகுப்பறையிலுமா, இணையத்திலுமா? ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். அம்மா குரலுக்குச் சரி சொன்னார், முகத்துக்கு வேண்டாம் என்றார், இணையத்துக்கும் வேண்டாம் என்றார். பேனர் விஷயம் நடந்த பிறகு அவர் வேறு என்ன சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படிவத்தை வாசித்துக் காட்டி, அவர் புரிந்துகொண்டதை அவர் வார்த்தையிலேயே திரும்பச் சொல்லச் சொல்லி ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். பார்வையில்லாதவருக்கும் இதையே செய்யலாம்.

கட்டிலில் படுத்திருக்கும்போது, சிகிச்சை தரும் மருத்துவரே கேட்டால் யாரால் முடியாது என்று சொல்ல முடியும்? அதனால் மருத்துவர் கேட்கக் கூடாது. நோயாளிகள் குழுவிலிருந்து ஒருவர், வார்டுக்கு வெளியே வைத்துக் கேட்கட்டும். "நீங்கள் மறுத்தாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது" என்பதை வாயால் சொல்ல வேண்டும், படிவத்தில் அச்சிட்டிருப்பது போதாது.

சட்டமும் இருக்கிறது. மனநலச் சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தருவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது. அதே ஆண்டு வந்த எச்ஐவி சட்டம், ஒருவரின் எச்ஐவி நிலையை வெளியிட எழுத்துபூர்வச் சம்மதம் கேட்கிறது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையைச் சொல்கிறது.

அப்புறம், கதையில் வரும் மற்றவர்கள். "என் வீட்டுக்காரர் குடிச்சிட்டு அடிச்சார், அதுலதான் இடுப்பு போச்சு" என்று ஒருவர் சொல்கிறார். அது அவர் வாழ்க்கை, அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் நாளை அந்தப் பதிவை அந்த மனிதர் கேட்டால், அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் இந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கும்? இதைத் தனியாக உட்கார்ந்து அவரோடு பேசுங்கள். முடிவு அவருடையது, ஆனால் ஆபத்தை எடுத்துச் சொல்வது உங்கள் வேலை.

6. கதை வட்டம்

வட்டமாக உட்கார்ந்து கதை சொல்லும் இந்த முறைக்கு அமெரிக்காவில் ஒரு பழைய வேர் உண்டு. 1994-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி, நினா மல்லன் தொடங்கிய பயிலரங்குகள்தான் பின்னால் ஸ்டோரி சென்டர் என்ற அமைப்பாக வளர்ந்தன. எளிய மனிதர்கள் மூன்று நாள் கூடி, வட்டமாக உட்கார்ந்து கதையைப் பேசி, எழுதி, சொந்தக் குரலில் பதிவு செய்து, இரண்டு மூன்று நிமிடக் காணொளியாக்குவார்கள். நம் நோயாளிகளுக்குத் தொடர்ந்து மூன்று நாள் முடியாது. ஆறு அரைநாள் கூட்டங்களாக உடைத்து, வாரத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டத்தில் ஆறிலிருந்து எட்டுப் பேர், அதற்கு மேல் போனால் கடைசியில் பேசுகிறவர் அவசரப்படுவார்.

வட்டத்தில் இருக்கும் சிஸ்டரும் ஆசிரியரும்கூடத் தங்கள் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். வேடிக்கை பார்க்க யாருக்கும் நாற்காலி இல்லை. சிஸ்டர், தன் முதல் நாள் வேலையில் ஊசி குத்தும்போது கை நடுங்கியதைச் சொன்ன பிறகுதான் எங்கள் வட்டத்தில் மற்றவர்களுக்கு வாய் திறந்தது. வெள்ளை உடையில் வர வேண்டாம் என்றும் அவரிடம் முன்பே சொல்லியிருந்தோம்.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் பெரும்பாலான கூட்டங்கள் கெட்டுப்போகின்றன. "உங்கள் நோயைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் கேஸ் ஷீட் வரும், எந்த வருடம் எந்த டாக்டர் என்ன மருந்து என்று. "எப்படிச் சமாளித்தீர்கள்" என்றால் பட்டிமன்றப் பேச்சு வரும். பொருளைக் கேளுங்கள், இடத்தைக் கேளுங்கள். வெளியே போகும்போது உங்கள் பையில் எப்போதும் இருப்பது என்ன? வீட்டில் நீங்கள் இப்போது போகாத அறை எது? யாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை? கடைசியாக யார் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? பையைக் கேட்டபோது ஹீமோபிலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய், ஃபேக்டர் மருந்துதான் உறையவைக்கும்) உள்ள ஒரு தம்பி சொன்னான், "ஃபேக்டர் மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி நம்பர் எழுதின துண்டுச் சீட்டு, லேமினேஷன் பண்ணது. போன் சார்ஜ் தீர்ந்துட்டா என்ன பண்றது?" அந்த லேமினேஷனில்தான் அவன் கதை தொடங்கியது.

ஒருவர் பேசி முடித்ததும் உடனே கருத்துச் சொல்ல வேண்டாம், முக்கியமாக அறிவுரை வேண்டாம். நம் ஊரில் நோயாளியைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது, ஒரு கஷாயமாவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள். வட்டத்துக்குள் அதற்குத் தடை. கேட்டவர்கள், "எனக்கு எந்த இடம் மனசுல நின்னுச்சு" என்பதை மட்டும் சொல்லலாம். அழுகை வந்தால் தண்ணீரை நீட்டி, முதுகைத் தட்டி, நிறுத்த முயலாதீர்கள், நிறுத்துவதா தொடர்வதா என்று அவரே சொல்வார். பேச்சு திக்குகிறவரின் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். பெருமூளை வாதம் உள்ள ஒருவர் எழுத்துப் பலகையைக் காட்டிக் காட்டி ஒரு வாக்கியம் சொல்லப் பத்து நிமிடம் ஆகலாம், அந்தப் பத்து நிமிடமும் அவருடையது.

எல்லாரும் பேச வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எழுத விரும்புகிறவர் எழுதட்டும். வெளியிடாமல் எழுதுவதற்கே ஒரு பலன் இருக்கலாம் என்பதற்கு 1999-ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. ஆஸ்துமா அல்லது முடக்குவாதம் உள்ள 112 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் தங்கள் வாழ்க்கையின் மிகக் கடினமான அனுபவத்தைப் பற்றி நாளுக்கு 20 நிமிடம், மூன்று நாள் எழுதினார்கள், மற்றவர்கள் சாதாரண விஷயத்தை எழுதினார்கள். நான்கு மாதம் கழித்து முதல் பிரிவில் 47 சதவீதம் பேருக்கு உடல்நிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம், மற்றவர்களில் 24 சதவீதம் பேருக்கு. பிறகு நடந்த ஆய்வுகளின் முடிவுகள் இப்படி ஒரே மாதிரி அமையவில்லை, எனவே இதை மருந்தாக விற்காதீர்கள். ஆனால் வெளியிட மறுக்கிறவரின் நேரம் வீணாகவில்லை என்று சொல்ல எனக்கு இது போதும்.

7. பதிவு

தமிழில் 200, 250 சொற்கள் வாசித்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் வரும். அது போதும். போனே போதும், தனி மைக் தேவையில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், துணி மாட்டியிருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் உட்காருங்கள், எதிரொலி குறையும். எழுதியதை வாசித்தால் செய்தி வாசிப்பதுபோல வரும், அதனால் தாளை வாங்கி வைத்துவிட்டு, எதிரே ஒருவரை உட்காரவைத்து அவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். மூச்சு வாங்குவதை வெட்டாதீர்கள், மூச்சு வாங்குவதும் கதைதான்.

படங்களுக்கு முகம் கட்டாயமில்லை. கை, செருப்பு, மாத்திரை டப்பா, ஜன்னலுக்கு வெளியே தெரியும் வேப்பமரம். பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்தது) போட்ட கையைக் காட்ட ஒருவர் விரும்பினால் காட்டலாம், இன்னொருவர் எட்டு வருடமாக முழுக்கைச் சட்டைதான் போடுகிறார் என்றால் அதையும் மதிக்க வேண்டும். வசன வரிகள் கட்டாயம் வேண்டும், காது கேளாதவர்களுக்காக. படத்தில் என்ன தெரிகிறது என்று சொல்லும் குரல் விளக்கமும் வேண்டும், பார்வையில்லாதவர்களுக்காக. பின்னணியில் சோக வயலின் வேண்டவே வேண்டாம்.

8. திருத்தும்போது

இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்று, பாவம் என்று சொல்லவைப்பது. இன்னொன்று, சாதனையாளர் ஆக்குவது. "சக்கர நாற்காலியில் இருந்தபடியே சாதித்த" என்று தலைப்பு வைத்தால், சாதிக்காமல் சக்கர நாற்காலியில் இருக்கிறவர் அதைப் பார்த்து என்ன நினைப்பார்? காலையில் எழுந்து, டீ போட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வலியோடு படுத்துக்கொள்வதும் ஒரு முழு வாழ்க்கை. கதை நல்லபடியாக முடிய வேண்டும் என்று யாரும் சொல்லவைக்கக் கூடாது. நாள்பட்ட நோய் முடிவதில்லை, கதையும் நடுவில் நிற்கலாம்.

சொற்களில் சொன்னவரின் விருப்பமே சட்டம். அரசுத் துறையின் பெயரிலேயே மாற்றுத்திறனாளி என்ற சொல் இருக்கிறது, பொதுவாக நீங்கள் எழுதும்போது அதையே எழுதுங்கள். ஆனால் ஒருவர் தன்னை "கால் வராதவன்" என்று சொன்னால் அதைத் திருத்தாதீர்கள்.

சரி, மருத்துவத் தகவல் தப்பாக இருந்தால்? இதில்தான் மருத்துவர் தரப்பு உள்ளே வர வேண்டும், இதில் மட்டும். எங்கள் வட்டத்தில் ஒருவர், வெயில் காலத்தில் தினமும் இளநீர் குடித்துத்தான் உடம்பைத் தேற்றினேன் என்று சொன்னார். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். அதைக் கேட்டு ஒரு புது நோயாளி இளநீர்க் கடைக்குப் போனால் என்ன ஆகும்? ஆனாலும் அந்த வரியை நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டவில்லை. மருத்துவர் அவரோடு உட்கார்ந்து பேசினார், விளக்கினார். அவர் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "அப்போ அந்த ஏப்ரல்ல மூச்சு முட்டி ராத்திரி ஓடி வந்தேனே, அது இதுனாலயா?" என்று கேட்டார். கதையை அவரே மாற்றிச் சொன்னார், இளநீர் உள்ளேயே இருந்தது, அந்த ராத்திரியும் சேர்ந்து வந்தது. முதலில் சொன்னதைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ள கதை அது. உண்மை பிழையாக இருந்தால் மருத்துவர் சொல்லலாம், மருத்துவமனையைக் குறை சொல்லும் வரி பிடிக்கவில்லையென்றால் அதை எடுக்கச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. மூன்றாம் படியில் எழுதிய தாளில் இந்த வேறுபாட்டையும் எழுதிவிடுங்கள்.

9. கேட்கவேண்டியவரிடம் கொண்டுபோவது

வெளியீட்டு விழா வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, அன்றோடு முடித்துவிடுகிறவர்கள் அதிகம். கதை தினமும் வேலை செய்யும் இடத்தில் இருக்க வேண்டும். காத்திருக்கும் கூடத்தின் டிவியில் போடலாம், ஆனால் ஒலி இல்லாத டிவியில் குரல் கதைக்கு வேலை இல்லை. எங்களுக்கு நன்றாகப் பலித்தது, புதிதாக வருகிறவரிடம் ஒரு சிஸ்டர் போனையும் ஹெட்போனையும் கொடுத்து, "முடிஞ்சப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே திரும்பி வந்து பக்கத்தில் உட்காருவது. கதையைவிட அந்தத் திரும்பி வருவது முக்கியம், கேட்டவருக்கு அப்போதுதான் கேள்வி வரும்.

அதிகாரிகளுக்கான கதை என்றால் கிராம சபை ஒரு நல்ல இடம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது. அங்கே கதையோடு ஒரு கோரிக்கையும் இருக்க வேண்டும், ஒன்றே ஒன்று: துணைச் சுகாதார நிலையத்துக்குச் சாய்தளம், அல்லது வாரம் மூன்று நாள் காலைப் பேருந்து. கேட்டவர்கள் கலங்கிவிட்டு எழுந்து போவதற்காக ஒருவர் தன் வலியைப் பேச வேண்டியதில்லை.

பதிவே வேண்டாம் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. 2000-ல் கோபன்ஹேகனில் தொடங்கிய மனித நூலகத்தில் புத்தகத்துக்குப் பதில் மனிதரை எடுத்து, எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்கலாம். கல்லூரி நூலகத்தில் ஒரு மதியம் இதை நடத்தச் செலவே இல்லை. வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், ஒரு தடவை ஃபார்வர்டு ஆனதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. எடுத்துவிடும் உரிமையைக் கொடுத்துவிட்டுப் பதிவை வாட்ஸ்அப்பில் போட்டால், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வழி இருக்காது.

10. அதற்குப் பிறகு

கதை சொன்ன இரவு பலருக்குத் தூக்கம் வராது. மூடி வைத்ததைத் திறந்திருக்கிறார்கள். இரண்டு நாளுக்குள் வட்டத்தில் இருந்த ஒருவர் போன் செய்ய வேண்டும், யார் யாருக்குச் செய்வது என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். மனநல ஆலோசகர் ஒருவரைக் கூட்டில் வைத்திருப்பது நல்லது, இல்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐத் தாளில் எழுதி எல்லாருக்கும் கொடுங்கள், அங்கே தமிழிலேயே பேசலாம். கேட்டவர்களுக்கும் பாரம் ஏறும். ஒலித்தொகுப்பு செய்யும் மாணவர்கள் ஒரே அழுகையை நாற்பது தடவை ஹெட்போனில் கேட்கிறார்கள், அவர்களை யாரும் விசாரிப்பதில்லை.

பலனைப் பார்க்க எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணாதீர்கள். முதல் மாதத்தில் டயாலிசிஸைத் தவறவிட்டவர்கள் முன்பு எத்தனை, இப்போது எத்தனை? வார்டில் ஏதாவது மாறியதா? எங்கள் வார்டில் மாறியது ஒரு பெஞ்ச். கூட வருகிறவர்கள் நான்கு மணி நேரம் வராண்டாவில் நின்றதைப் பற்றி ஒருவர் சொன்ன கதையைக் கேட்ட பிறகு போட்டார்கள். கதை சொன்னவர்களிடமும் தனியாகக் கேளுங்கள், சொன்னதற்காக வருந்துகிறீர்களா என்று. ஒருவராவது ஆமாம் என்றால் எந்தப் படியில் தவறினோம் என்று திரும்பிப் போய்ப் பாருங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரையும் அழைத்து, "இன்னும் இருக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். குணமானவர் பழைய கதையில் இருக்க விரும்பாமல் போகலாம். கல்யாணமான பெண் எடுத்துவிடச் சொல்லலாம். இதற்கு ஒரு நோட்டு போடுங்கள், தேதியோடு.

அந்த நோட்டில் இன்னொரு கட்டமும் வேண்டும். நாள்பட்ட நோயோடு இருக்கிறவர்களைச் சேர்த்துத் தொடங்கும் எந்த வேலையிலும் சிலர் நடுவில் இறந்துபோவார்கள். தனக்குப் பிறகு கதை என்ன ஆக வேண்டும், அதைப் பற்றி முடிவெடுக்க வீட்டில் யாரை அழைக்க வேண்டும் என்று உயிரோடு இருக்கும்போதே கேட்பது சங்கடமாக இருக்கும். வட்டத்தின் மூன்றாம், நான்காம் வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள், அதற்குள் ஒருவருக்கொருவர் பழகியிருப்பார்கள். நோயாளிகள் இந்தக் கேள்விக்கு நாம் நினைப்பதைவிட நேராகப் பதில் சொல்வார்கள். எங்கள் அம்மாவின் கட்டத்தில் சிஸ்டரின் கையெழுத்தில் மூன்று வரி இருக்கிறது. குரலைப் போடலாம். பெயரைச் சொல்ல வேண்டாம். பேரனுக்குக் கல்யாணம் ஆகும்போது அவனிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளவும்.